விளக்குமாடத்தில் வைத்த குழல்

பாவாயி மோர்ச் செம்போடு உள்ளே வந்தபோது, கதவோரம் ஆணியில் தொங்கிய அட்டை ஒளிர்ந்தது. அவள் செம்பை வைத்துவிட்டு வெளியே போனதும் அணைந்தது.

பெரிய ஒளி என்று சொல்ல முடியாது. மழைக்காலத்து மின்மினி இலைக்கு அடியில் உட்கார்ந்திருந்தால் இலை எப்படித் தெரியுமோ அப்படி ஒரு மங்கல் பச்சை. நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துத் தற்செயலாகத் திரும்பியதால்தான் வெள்ளியங்கிரி அதைப் பார்த்தான். கண் அசதி என்று சொல்லிக்கொண்டான். காலையிலிருந்து ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு கடல் முட்டைகளைப் பார்க்கிறவனுக்கு அசதி வர நியாயம் இருந்தது. ஆனால் அவன் மோர் குடித்த செம்பை எடுக்க, அவன் மனைவி பாவாயி மறுபடி வந்தாள். அட்டை மறுபடி ஒளிர்ந்தது.

தோட்டத்துச் சாளை வீட்டிலேயே காற்றும் வெளிச்சமும் புகாத அறை அது ஒன்றுதான். முன்பு கம்பும் சோளமும் கொட்டிவைத்த இடம். இருந்த ஒரு சன்னலுக்கும் இரட்டைக் கோணிச் சாக்கைத் தைத்து மாட்டி, நுண்ணோக்கியின் கண்ணாடியில் வெயில் விழுவதற்கு மட்டும் விரல் அகலக் கிழிசல் ஒன்றை விட்டிருந்தான். வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போதும் உள்ளே கைக்குக் கை தெரியாது. பழைய தானியத்தின் புழுதி வாசனையோடு, பாம்பனிலிருந்து ரயிலேறி வந்த பீங்கான் ஜாடிகளின் கடல் வாசனையும் கலந்து, கொங்கு மண் அதுவரை அறியாத ஒரு நாற்றம் அங்கே குடியேறியிருந்தது. தூரத்தில் கிணற்றில் கவலை இறைக்கும் மாடுகள் பின்னால் நடக்க நடக்க, உருளை ஒரே சீராக முனகும். அந்த முனகலும் நின்றுவிட்டால் ஜாடித் தண்ணீர் மெல்லத் தளும்புவது காதில் விழும். யாரும் தொடாதபோதும்.

அந்த அட்டையில் ஒரு வகைத் துத்தநாக உப்பு பூசியிருந்தது. ரேடியம் பக்கத்தில் வந்தால் இருட்டில் பச்சையாக மினுங்கும். ரேடியத்துக்கு வாசனையில்லை, சத்தமில்லை, தொட்டால் தெரிகிற சூடும் இல்லை. அது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்க அந்த அட்டை ஒன்றுதான் வெள்ளியங்கிரியிடம் இருந்தது. ரேடியக் குழலோ அறையின் மறுகோடியில், மேசைமேல், ஈயப்பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தது.

அட்டையை ஆணியிலிருந்து கழற்றினான். மேசைக்குக் கொண்டுபோனான். ஈயப்பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த வெள்ளிக் குழலுக்கு மேலேயே பிடித்தான்.

இருட்டு. துளி மினுக்கம் இல்லை.

குழலை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தான். உள்ளே, தாயத்துக்குள் இருப்பதுபோல், சுருட்டி வைத்த செப்புத் தகடு கரகரவென்று உராய்ந்தது.

வெள்ளியங்கிரி பட்டணத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவன். அவனுடைய வெள்ளைக்காரப் பேராசிரியர் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து கல்லூரிக்கென்று இரவல் வாங்கியது அந்த ரேடியக் குழல். துரை விடுமுறைக்குச் சீமைக்குக் கப்பலேறியதும், யாரிடமும் சொல்லாமல் அதைக் கைப்பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்துவிட்டான். கல்லூரி திறப்பதற்குள் ஆராய்ச்சியை முடித்துத் தன் பெயரில் எழுதிவிட வேண்டும் என்ற ஆசை. ஆசை என்று நாகரிகமாகச் சொல்வானேன், பேராசை.

உடம்பெல்லாம் முள்ளாக, எலுமிச்சங்காய் அளவில் உருண்டிருக்கும் கடல் முள்ளெலியின் முட்டைகள்தான் அவன் ஆராய்ச்சி. சாதாரண முட்டை நடுவில் இடுப்புச் சிறுத்து இரண்டாகும். இரண்டு நாலாகும், நாலு எட்டாகும், கடைசியில் துடித்து நீந்தத் தொடங்கும். ரேடியத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்த முட்டைகள் அப்படிச் செய்யவில்லை. அவை சாகவும் இல்லை. நின்றன. கூடப்பிறந்தவை எல்லாம் நீந்தப் போன பிறகும் உருண்டையாக, பளபளப்பாக, எதையோ யோசிப்பதுபோல் நின்றன. இனிமேல் இல்லை என்று அவன் கைவிடப்போகிற நேரத்தில், பிரிந்தன. இரண்டாக அல்ல. ஒரே மூச்சில் மூன்றாக, சில சமயம் நாலாக. பிறகு அந்த மூன்றும் ஒவ்வொன்றாக இடுப்புச் சிறுத்தன. அதிலிருந்து வந்தவற்றுக்கு வாய் எது, வயிறு எது என்று அவனால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அவை அசைந்தன.

முதல் தடவை அதைப் பார்த்தபோது அவன் சந்தோஷத்தில் தொடையைத் தட்டிக்கொண்டான். பிற்பாடு அதை நினைத்தால்தான் அவனுக்கு உடம்பு கூசியது.

குழல் எப்படி மாறியது என்று கண்டுபிடிக்க அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. இரண்டு நாளைக்கு முந்திய அந்தியில், கையெல்லாம் உப்புத் தண்ணீராக இருக்கிறதே என்று, குழலை வாசல் விளக்குமாடத்தில் வைத்துவிட்டுத் தொட்டிக்குப் போய்க் கை கழுவினான். திரும்பி வந்து, மங்கலில் தடவி, கையில் பட்ட குழலை எடுத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினான். அந்த நேரத்துக்குள் பண்ணையாள் ஆண்டி சேந்தமங்கலத்திலிருந்து வந்து போயிருக்கிறான்.

கொல்லிமலை அடிவாரத்துப் பூசாரி ஒருவரிடம் வெள்ளியங்கிரியின் தாய் பெருமாயி தாயத்துக்குச் சொல்லிவைத்திருந்தாள். பிள்ளை தங்குவதற்காகக் கட்டுகிற தாயத்து. அதைக் கைக்குக் கை வாங்கக் கூடாது. கொண்டுவருகிறவன் விளக்குமாடத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். விடியுமுன் மாமியார் விளக்கேற்றாமல் தடவி எடுத்து மருமகள் இடுப்பில் கட்ட வேண்டும். பிள்ளை பிறக்கும்வரை இருவரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, புருஷனுக்குக்கூடக் காட்டக் கூடாது. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் தெரியாததா? தெரியும். தெரிந்தும் அந்த மாடத்தில் போய் வைத்தான். இரண்டு குழலும் வெள்ளி. இரண்டும் சுண்டுவிரல் கணு அளவு. இரண்டின் தலையிலும் கயிறு கோக்க ஒரு வளையம்.

பாவாயிக்கு இது மூன்றாம் மாதம். கல்யாணமாகி எட்டு வருடத்தில் முதல் தடவை.

வெளியே ஓடினான். பெருமாயி களத்தில் காய்ந்த மிளகாயைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஏஞ்சாமி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

"ஆத்தா, தாயத்து கட்டியாச்சா?"

பெருமாயி கால் நின்றது. "அதக் கேக்கப்படாது."

"இல்லாத்தா, அது வந்து..."

"கேக்கப்படாதுன்னா கேக்கப்படாது கண்ணு. எட்டு வருசங் கழிச்சு இப்பத்தான் அந்தக் காளியாத்தா கண்ணத் தொறந்திருக்குறா. என்ற மருமவள ஊருச் சனம் பேசாத பேச்சா? உன்ற படிப்பக் கொண்டாந்து இதுக்குள்ளார போட்றாத சாமி."

வெள்ளியங்கிரி வாயைத் திறந்தான். நீ கட்டியது சாமி இல்லை, நான் திருடிக்கொண்டு வந்த நெருப்பு என்று சொல்ல வேண்டும். சமையற்கட்டில் பாவாயி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ராகி அரைத்துக்கொண்டிருந்தாள். எட்டு வருடமாக அவள் பாடிக் கேட்டதில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று உள்ளே போய்விட்டான்.

மறுநாள் அமாவாசை, வேண்டாம் என்று பட்டது. அடுத்த நாள் பங்காளி வீட்டார் வந்திருந்தார்கள். அதற்கடுத்த நாள் பாவாயி நன்றாகத் தூங்கி எழுந்து முகம் தெளிவாக இருந்தாள், அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருப்பதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் தானாகக் கிடைத்தது. ஒரு காரியத்தை மட்டும் அவன் தவறாமல் செய்தான். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து வாசலுக்குப் போனான். புழுக்கமாக இருக்கிறது என்று கயிற்றுக் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டான். தன் உடம்பை மட்டும் காப்பாற்றிக்கொண்டான்.

ஒரு மத்தியானம் அவளாகவே வந்து சொன்னாள்.

"ஏனுங்க, இடுப்புல ஒரு எடம் நெம்பக் காந்துதுங்க. வேர்க்குரு மாதிரியும் இல்ல."

அவள் சாப்பிட்டுப் படுத்துக் கண்ணயர்ந்ததும், தாயத்தைக் கைக்குள் மறைத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தான். சேலை மடிப்பை விரலால் நகர்த்தினான். கறுப்புக் கயிற்றில் குழல், கழுவிய வெள்ளிபோல, சாதுவாகக் கிடந்தது. அதற்கு அடியில், குழலின் நீளத்துக்கும் அதைவிடக் கொஞ்சம் அகலமாகவும், தோல் செக்கச்செவேலென்று வெந்திருந்தது. கத்தரிக்கோலால் முடிச்சை வெட்டிக் குழலை எடுத்தான். தாயத்தைக் கோத்து முடி போடும்போது அவன் விரல் அந்தப் புண்ணில் பட்டுவிட்டது.

பாவாயி கண்ணைத் திறந்தாள். "என்னங்க தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. எறும்பு ஊர்ந்துது."

அவள் சிரித்துவிட்டு ஒருக்களித்துப் படுத்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அன்று பொழுது சாயுமுன் ஜாடிகளை எல்லாம் கிளுவை வேலியோரம் கவிழ்த்தான். நின்று போயிருந்த முட்டைகள் உப்புத் தண்ணீரோடு மண்ணுக்குள் இறங்கின. குழலைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய், துரை திரும்புவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் தன் கையால் ஒப்படைத்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. யாராவது கேட்டுத் தன்னை உலுக்கியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

பாவாயிக்குத் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள யாருமில்லை. பிரசவம் சாளையில்தான் என்று முடிவாகி, கார்த்திகையில் அவன் லீவு போட்டு வந்தான். வண்டிப் பாதையில் நடந்து வரும்போதே மூக்கில் அடித்தது. சோளத்தட்டு, மாட்டுச் சாணி, புது மழையில் நனைந்த செம்மண் எல்லாவற்றுக்கும் அடியில் லேசாக, பாசி பிடித்த உப்பு வாசனை. வேலியோரத்திலிருந்து வருகிறது என்று நினைத்து அங்கே போய்க் குனிந்து முகர்ந்தான். அங்கே இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் வாசனை கூடியது. பாவாயி எதிரே வந்து நின்றபோது இன்னும் கூடியது.

பத்து மாதமும் நிறைந்தது. வலி வரவில்லை. கார்த்திகை போய் மார்கழி பிறந்தது. வரவில்லை.

மருத்துவச்சி ஆத்தாயி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவள் கையில் விழுந்தவை. நெடுநேரம் தடவினாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"உசிரு இருக்குதுங்க சாமி. காத வெச்சாத் துடிப்பு கேக்குது. ஆனா எறங்க மாட்டீங்குது."

"ஏன்?"

"தெரியிலீங்க. தல எது, காலு எதுன்னு கைக்கு அம்புட மாட்டீங்குது. ஒரே உருண்டையா இருக்குது." குரலைத் தாழ்த்தினாள். "நின்னுக்கிட்டு இருக்குதுங்க சாமி."

அந்த முட்டைகளைப் பற்றி அவன் குறிப்பில் எழுதியிருந்த சொல்லும் அதுதான். நின்றன.

பாவாயிக்கு மட்டும் கவலை இல்லை. இடுப்புப் புண் ஆறவேயில்லை, அதற்கும் அவள் முகம் சுளிக்கவில்லை. ஊர்ப்பெண்கள் ஏதேதோ சொன்னபோதும் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள். ஒருநாள் அவன் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். பிள்ளை உதைக்கும் என்று அவன் காத்திருந்தான். ஒன்றும் உதைக்கவில்லை. உள்ளங்கைக்குக் கீழே வழவழவென்று, இறுக்கமாக, மேடுபள்ளம் இல்லாத ஓர் உருண்டை.

"யோசிச்சுக்கிட்டு இருக்குதுங்க," என்றாள் பாவாயி. "வெளிய வரலாமா வேண்டாமான்னு."

வெள்ளியங்கிரி கையை எடுத்துக்கொண்டான். கையில் உப்பு வாசனை. தொட்டியில் போய்க் கழுவினான். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினான்.

மார்கழியில் ஒரு மத்தியானம். காலையிலிருந்தே தூறல், சூரியன் இருக்கிற இடம் தெரியவில்லை. பெருமாயி தானிய அறையைக் கூட்டி, சாணி மெழுகி, பாய் விரித்தாள்.

"அந்த ரூம் வேண்டாத்தா."

"காத்துப் படாத ரூம்புல தாம்பா பெத்தெடுக்கோணும். உன்னையுங்கூட அங்கதான் பெத்தேன். என்னத்துக்கு வேண்டாம்?"

காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

பொழுது சாய்வதற்கு வெகுநேரம் முன்பே பாவாயி அறைக்குள் இருந்து கூப்பிட்டாள். வலி பிடித்துவிட்டது. பெருமாயி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். "நீ பக்கத்துல இரு சாமி, நான் ஆத்தாயியக் கையோட கூட்டியாரேன்" என்று, ஆண்டி பூட்டிய வண்டியில் தானே ஏறிக்கொண்டாள். சகடைச் சத்தம் சேற்றில் அமுங்கி அமுங்கிப் போய்த் தேய்ந்தது.

வெள்ளியங்கிரி அறைக்குள் போனான். கதவை அவள் சாத்தச் சொன்னாள், சாரல் அடிக்கிறது என்று. சாத்தினான். சன்னலில் அவன் மாட்டிய சாக்கு அப்படியே இருந்தது. கிழிசலிலும் யாரோ துணியைத் திணித்திருந்தார்கள்.

"லாந்தர் எங்க?"

"வேண்டாங்க. கண்ணு கூசுது. இப்பிடி வந்து உக்காருங்க."

உட்கார்ந்தான். அவள் மூச்சு சத்தம். கூரையில் தூறல். இரண்டுக்கும் நடுவே இன்னொரு சத்தம். தண்ணீர் தளும்புகிற சத்தம். ஜாடிகள் இல்லை. அவன்தான் கவிழ்த்தான்.

கதவோரம் ஏதோ தெரிந்தது.

அட்டை. அந்த ஆணியில். அவன் மேசைமேலேயே மறந்து விட்டுப்போன அட்டை. அறையைக் கூட்ட மேசையைத் தூக்கிய பெருமாயி எதற்காவது ஆகும் என்று மறுபடி மாட்டியிருக்கிறாள்.

ஒளிர்ந்தது.

குழல் பட்டணத்தில் இருக்கிறது. என் கையால் கொடுத்தேன். வெள்ளியங்கிரி இதை உதட்டால் சொல்லிப் பார்த்தான். என் கையால் கொடுத்தேன். அட்டை பச்சையாகவே இருந்தது. சித்திரையில் பார்த்த மினுக்கம் இல்லை இது. அதன் வெளிச்சத்தில் ஆணி தெரிந்தது. சுவரில் சாணி மெழுகிய விரல் தடம் தெரிந்தது.

எழுந்து போய்க் கழற்றினான். பழைய ஒளி தங்கியிருக்கும், தூரமாக வீசிவிட்டால் அணைந்துவிடும் என்று நினைத்தான். வீசவில்லை. கைகள் அதை ஏந்திக்கொண்டு பாய்க்குத் திரும்பின. ஒவ்வோர் அடிக்கும் பச்சை ஏறியது. பாவாயியின் முகம் தெரிந்தது. வேர்த்திருந்தது. சிரித்தாள்.

"என்னங்க அது?"

அவன் மண்டியிட்டான். அட்டையை அவள் வயிற்றின்மேல் பிடித்தான்.

அட்டையின் நடுவில் ஒரு வட்டம் எழுந்தது. ஓரம் பிசிறில்லாத, நிறைந்த, பிரகாசமான ஒற்றை வட்டம். தலை இல்லை. கை இல்லை. கால் இல்லை. நுண்ணோக்கிக்குக் கீழே எத்தனையோ தடவை பார்த்த வட்டம்.

பாவாயி அவன் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினாள். பனிக்குடம் உடைந்தது. பாய் நனைந்து, அவன் முழங்கால் நனைந்து, அறை முழுக்கப் பாம்பன் கரையின் வாசனை எழுந்தது. பாசி. உப்பு. மூச்சு முட்டும் வாசனை.

வட்டத்தில் ஒரு நிழல் விழுந்தது. ஓரத்திலிருந்து உள்ளே. இன்னொரு ஓரத்திலிருந்து இன்னொன்று. இன்னொன்று. மூன்று நிழலும் நடுவில் சந்தித்தன.

"வெளிய வருதுங்களா?" பாவாயி கேட்டாள். வலியிலும் அந்தக் குரலில் அவ்வளவு ஆசை இருந்தது. "நான் வாங்குன பேச்சுக்கெல்லாம் பலன் வருதுங்களா? சொல்லுங்க. என்ன தெரியுதுங்க?"

சொல்ல வேண்டும். இப்போதாவது.

"ஒண்ணுமில்ல," என்றான் வெள்ளியங்கிரி. "ஒண்ணுமில்ல பாவாயி."

அவள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். தூரத்தில் வண்டிமாட்டுச் சலங்கை கேட்டது. அட்டையில் மூன்று பச்சை உருண்டைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூன்றும் மெல்ல இடுப்புச் சிறுத்தன.